காபரே

காபரே (கேபரே என்றும் வழங்கும்) என்பது மதுவும் உணவும் பரிமாறி, ஆடல் பாடலும் நடத்தும் சிறு இரவு விடுதியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். சிற்றறை என்னும் பொருளில் பிறந்த இச்சொல் நெடுங்காலம் சாதாரண மதுக்கடையையே குறித்துவந்தது. 1881இல் ரொதொல்ஃப் சாலி பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் 'ல ஷா நுவார்' (கருப்புப் பூனை) விடுதியைத் தொடங்கிய பிறகே, கவிஞரும் பாடகரும் கூடும் இடம் என்ற பொருள் வலுப்பெற்றது. இரவு விடுதிக்குப் பிரெஞ்சில் வழங்கும் பிற பெயர்களும் இப்படிப்பட்டவையே: 'புவாத்' என்றால் பெட்டி, 'டிஸ்கோதேக்' என்றால் முதலில் இசைத்தட்டுச் சேகரம்.

தமிழில் இச்சொல் இடத்தை விட்டு ஆட்டத்தைப் பற்றிக்கொண்டது. விடுதிக்குள் கால் வைத்திராத பெரும்பாலோர் அதைத் திரையரங்கிலேயே கண்டனர் என்பதே இதற்குக் காரணமாகலாம். வில்லனின் மேசை, கண்ணாடிக் கோப்பை, சுழலும் விளக்கு, படியிறங்கி வரும் ஆட்டக்காரி, பின்னணியில் பாடகி எல். ஆர். ஈஸ்வரியின் குரல் எனத் தனி இலக்கணமே அமைந்துவிட்டதால், நடிகைகள் ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் ஆடியவை 'காபரே டான்ஸ்' எனப்பட்டன. விடுதி வெறும் 'கிளப்' ஆயிற்று. டிஸ்கோதேக்கும் டிஸ்கோவாகச் சுருங்கி, 1980களில் சாந்தி என்ற நடிகையின் பெயருக்கு முன்னொட்டாகி, இன்று ஊர்த் திருவிழா மேடையின் 'டிஸ்கோ லைட்'டில் வந்து நிற்கிறது.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி அருகில் இருந்தும், காபரே அவ்வழி வந்ததாகத் தோன்றவில்லை. அங்கிருந்து கிடைத்தவை ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரரைக் குறிக்கும் 'சொல்தா' போன்ற ஆட்சிச் சொற்களே; காபரேயைத் தந்தவை ஆங்கிலமும் சினிமாவும்.

இன்றும், எடுத்துக்காட்டாகச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், முட்டுக்காடு, கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ரிசார்ட்டுகள் பெருகிய பின்னும் காபரே, டிஸ்கோதேக் போன்ற பெயர்களில் எதுவும் விடுதிப் பெயராக அங்கு வேர்விடவில்லை. விடுதிகளுக்குரிய எஃப்.எல். 3 மது உரிமத்தின்கீழ் மதுக்கூடம் பெரும்பாலும் தங்கும் விடுதியின் ஓர் அங்கமாகவே இயங்குவதால், தனிப் பெயர் கொண்ட சிறு இரவு விடுதிக்கு இங்கு இடம் குறைவு. டிசம்பர் 31 இரவு சாலையில் போலீசார் தடுப்பு வைத்துச் சோதனையிடும்போது, ரிசார்ட் விளம்பரத்தில் 'டிஜே நைட்' என்றும், நாளிதழில் 'கேளிக்கை விடுதி' என்றும், வண்டியில் வரும் இளைஞர் வாயில் 'பார்ட்டி' என்றும் அந்த இரவுக் கேளிக்கை வழங்குகிறது.