தீவகத்துப் பழைய மோட்டார் சைக்கிள்கள்: எரிபொருட் கோளாறும் காபரேட்டர்ப் பரிசோதனையும்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் தொழிலில் எரிபொருட் கோளாறு என்பது, தாங்கியில் ஊற்றிய பெற்றோல் குழாய் வழியாகவும் காபரேட்டர் வழியாகவும் இறங்கி, காற்றோடு உரிய பிரமாணத்திற் கலந்து எஞ்சினைச் சேரும் மார்க்கத்தில் எங்கேனும் நேர்கின்ற தடையையோ மிகுதியையோ குறிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே அமைந்த தீவகத்தில், அதாவது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில், இக்கோளாறுகளுக்கு இரண்டு விசேஷ காரணங்கள் உண்டு. ஒன்று ஓயாத கடற்காற்று. மற்றது, யுத்த காலத்தில் இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட நேர்ந்தமை. ஆகையால், இங்கே கிடைக்கும் ஒரு பழைய வண்டியை எடுத்துக் கொள்பவர், திருப்புளியைக் கையிலெடுக்குமுன், அது எந்தக் காலத்தில் எந்த எண்ணெயில் ஓடியது, எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது என்பவற்றை விசாரித்து அறிவதே முதல் வேலையாகும்.

தீவக மக்களுக்கு மிகவும் பரிச்சயமான வண்டிகள் ஹோண்டா நிறுவனத்தின் 50, 70, 90 என்னும் சிறிய வகைகளும், ஜப்பானியத் தபாற் சேவைக்கென ஆக்கப்பெற்ற எம்.டி. 90 வகையும் ஆகும். 1958இல் வெளிவந்த சூப்பர் கப் என்னும் வண்டியின் வமிசத்தைச் சேர்ந்த இவற்றின் எஞ்சின் எளிமையானது. குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடுவது. தகுந்த ஆயுதங்கள் இல்லாதவரும் கழற்றிப் பூட்டத் தக்கது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் வசமானபோது குடிகளிற் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். எடுத்துச் செல்ல முடிந்த வண்டிகள் அவர்களுடன் போய் அங்கே மண்ணெண்ணெயில் உழைத்தன; விட்டுச் செல்லப்பட்டவை கொட்டில்களிலும் விறாந்தைகளிலும் துருவேறிக் கிடந்தன. இவ்விரு வகைக்கும் நோய்கள் வேறு.

காபரேட்டரின் தத்துவம் சுருக்கமானது. எஞ்சின் இழுக்கும் காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தினூடாக விரைந்து செல்கையில் அங்கே அமுக்கம் குறைகின்றது. அக்குறைவினால், கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோல் ஜெற் எனப்படும் பித்தளைத் துவாரத்தின் வழியே எழுந்து சிதறிக் காற்றோடு கலக்கின்றது. கிண்ணத்திலுள்ள பெற்றோலின் மட்டத்தை ஒரு மிதவையும் அதனோடிணைந்த ஊசியும் காக்கின்றன. ஹங்கேரி தேசத்துப் பொறியியலாளரான பாங்கியும் சொங்காவும் 1893இல் உரிமை பெற்ற சாதனத்திலும் இதே தத்துவந்தான் அமைந்திருந்தது. நிறைப்படி பார்த்தால், ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலத்தைச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைசெய்யப்பட்டது, மண்ணெண்ணெயும் மட்டுப்படுத்தப்பட்டது. எப்படியோ வந்து சேர்ந்த பெற்றோல் தெருவோரத்திற் சிறு போத்தல்களில் பெருவிலைக்கு விற்கப்பட்டது. அவ்வேளையில் யாழ்ப்பாணத்துத் தொழிலாளர், சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடும் முறையைக் குடாநாடெங்கும் வழக்கமாக்கினர். இம்முறைக்கு உலகில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1949இல் பெர்கூசன் கம்பனி வெளியிட்ட உழவு இயந்திர வகையொன்றும் பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழைப்பதே. தீவகக் கடற்றொழிலாளருக்கோ இது கைவந்த விஷயம். அவர்களுடைய படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. ஆயினும், உழவு இயந்திரத்துக்கு அதற்கென்றே தாழ்ந்த அமுக்க விகிதம் வகுக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு அவ்வாறு ஒன்றும் வகுக்கப்படவில்லை. கருவிகளோ உதிரிப் பாகங்களோ இன்றி, ஒரு முழுச் சமூகத்தின் வைத்தியசாலைப் பயணத்தையும் பள்ளிப் பயணத்தையும் தடைப்படாமற் காத்த அத்தொழிலாளரின் சாமர்த்தியம், நமது தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவேண்டியது என்பதில் ஐயமில்லை.

அக்காலம் வண்டிகளில் விட்டுச்சென்ற அடையாளங்கள் பல. மண்ணெண்ணெய் சாதாரண உஷ்ணத்தில் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் சிலிண்டரின் சுவரைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் வளையங்கள் தேய்ந்து, அமுக்கம் குன்றி, உதைத்தாலும் எழும்பாத எஞ்சின்கள் உண்டு; இவற்றிற் காபரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. அன்றியும், பெற்றோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.74, மண்ணெண்ணெயினது ஏறத்தாழ 0.80 ஆகையால், கனத்த எண்ணெயில் மிதவை சற்று உயர்ந்து நின்று ஊசியை முன்கூட்டியே மூடிவிடும். இதற்கு ஈடாக மிதவையின் நாக்கை யாரேனும் வளைத்திருந்தால், இன்று பெற்றோல் ஊற்றும்போது கிண்ணம் நிரம்பி வழியும். பிரதான ஜெற்றின் துவாரம் அகலமாக்கப்பட்டிருக்கின்றதா என்பதையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க வேண்டும். அகன்ற ஜெற்றைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றுவதொன்றே வழி.

நெடுங்காலம் நின்ற வண்டியிற் சந்தேகம் முதலிற் செல்லவேண்டியது தாங்கியின் மேலேயாம், காபரேட்டரின் மேலன்று. உப்பீரம் கலந்த காற்று மூடியின் துளைவழியே புகுந்து, இரவில் நீராகி, தாங்கியின் அடியிலே தங்கித் துருவை வளர்க்கின்றது. அத்துருவைப் போக்காமற் காபரேட்டரைக் கழுவுபவர் சில நாட்களில் அதே வேலையை மீண்டும் செய்வார். தாங்கியைக் கழற்றி, பெற்றோலை முற்றாக வடித்து, சிறு நட்டுக்களையோ சங்கிலித் துண்டையோ உள்ளேயிட்டுக் குலுக்கி, பின் பழப்புளிக் கரைசலையோ வினாகிரியையோ நிரப்பி ஊறவைத்து, அப்பச்சோடா கரைத்த நீரினால் அமிலத்தை அடக்கி, நன்னீரில் அலசி வெயிலில் உலர்த்தி, உடனே சிறிது எண்ணெய் பூசிவிடுதல் நல்ல முறையாகும். ஓட்டை அடைப்பதற்கென்று தாங்கியை நெருப்பருகே கொண்டுபோதல் உயிராபத்தானது; வெறுமையாகத் தோன்றும் தாங்கியிலேதான் பெற்றோல் ஆவி நிறைந்திருக்கும்.

பெற்றோலில் நீர் கலந்திருப்பதை அறிய வேறு சாதனம் வேண்டியதில்லை. கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வரும் திரவத்தை வெள்ளைப் போத்தலொன்றில் ஏந்திச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், நீர் தனியே அடியிற் படியும். அதற்கும் பெற்றோலுக்கும் இடையிலுள்ள கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் கான்களிற் படகேறிச் செல்லும் எரிபொருளை இவ்வாறு சோதித்த பின்னரே தாங்கியில் ஊற்றுதல் நன்று.

சிறிது தூரம் நன்றாக ஓடி, பின் மூச்சு முட்டி நின்று, சற்று ஓய்ந்தபின் மீண்டும் புறப்படும் வண்டியில், பெரும்பாலும் குற்றம் தாங்கி மூடியின் காற்றுத் துளையிலுள்ளது. துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காது. நின்ற அக்கணமே மூடியைத் திறந்து, காற்றை உறிஞ்சும் ஒலி கேட்டால் நோய் விளங்கிவிடும். இதை அறியாமற் காபரேட்டரைப் பலமுறை பிரித்து அதன் திருகுகளைக் கெடுத்தவர் பலர்.

காபரேட்டரைப் பிரித்ததும், நாகக் கலவையாலான கிண்ணத்தின் சுவரில் வெண்மையான பொடியும், பித்தளை ஜெற்றில் பச்சைக் களிம்பும், அடியில் பழைய பெற்றோல் காய்ந்து இறுகிய பழுப்பு நிறப் பிசினும் காணப்படும். பொடி உப்பீரத்தின் வேலை. பிசின் காலத்தின் வேலை. மெதுவோட்டத்துக்குரிய சிறு ஜெற்றின் துவாரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாதலால் அதுவே முதலில் அடைபடும். எஞ்சின் வேகத்தில் ஓடி, கைப்பிடியை விட்டதும் அணைந்துபோதல் இதன் அறிகுறி. இத்துவாரத்தை ஊசியாலோ கிளச் வயரின் உருக்கு இழையாலோ குத்துதல் ஆகாது. மின்வயரின் மெல்லிய செப்பிழை ஒன்றைச் செலுத்தி, சைக்கிள் பம்பினாற் காற்றடித்து, மறுபக்கத்தில் வெளிச்சம் முழுவட்டமாகத் தெரியும்வரை சுத்தம் செய்தல் வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே புகுந்த பெற்றோல் ஒலிக்கும்; வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி எழும்.

சுத்தம் செய்தபின் ஒழுங்குபடுத்தல் வருகின்றது. கைப்பிடி எட்டிலொரு பங்கு திரும்பும்வரை சிறு ஜெற்றும் காற்றுத் திருகும், காற்பங்கு முதல் முக்காற்பங்குவரை, மிதவையின் ஊசியன்றி, கைப்பிடியோடு ஏறியிறங்கும் ஊசியும், அதற்குமேல் பிரதான ஜெற்றும் ஆட்சி செலுத்துகின்றன. ஆகவே கோளாறு எந்த நிலையில் தோன்றுகின்றதென்று ஓட்டிப் பார்த்தால், எதைத் தொடவேண்டும் என்பது தெரியவரும். பிளக்கின் முனை கரிபிடித்திருப்பின் எரிபொருள் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி. இளம் பழுப்பாயின் கலவை சரி. காற்று மிகுதி எத்திருகுக்கும் அடங்காதபோது, காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இறப்பர் வளையம் வெடித்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். மெதுவோட்டத்தில் அம்மூட்டின்மேல் சிறிது எஞ்சின் எண்ணெய் தடவ, ஓட்டம் மாறுமாயின் கசிவு அங்கேதான்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு நாடு முழுவதையும் பற்றியபோது கான்களிற் சேமித்து வைத்த பெற்றோல் பழுதடைந்து பல காபரேட்டர்களை அடைத்தது. மாதக்கணக்கில் வைத்த பெற்றோல் இலேசான பகுதிகளை இழந்து பிசினாகத் தொடங்கும். ஆதலின், உரிமையாளர் வெளிநாடு செல்லும் காலத்தில், குழாயை மூடி எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் எச்சத்தையும் வடித்து, தாங்கியை முற்றாக வெறுமையாக்கி உள்ளே எண்ணெய் பூசி, காற்றுப் புகும் வாயை எண்ணெயில் தோய்த்த துணியால் அடைத்து வைக்கவேண்டும். அரைத் தாங்கிப் பெற்றோலோடு விடப்படும் வண்டியே கடற்கரை ஊர்களில் மிக விரைவாகத் துருப்பிடிக்கின்றது.