நோட்ஸ் வந்தது, பகிர்வு வரவில்லை

இலினோய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் 1973இல் உருவான குறிப்புப் பகிர்வு முறையை மாணவராக இருந்தபோது பழகியவர் றே ஓசி. அதனை அலுவலகங்களுக்கு ஏற்றவாறு அவர் வடிவமைத்ததே 1989இல் வெளியான லோட்டஸ் நோட்ஸ்.

ஆலோசனை நிறுவனமொன்றில் அது எவ்வாறு பயன்பட்டது என்பதை எம்.ஐ.டி. ஆய்வாளர் வண்டா ஓர்லிகோவ்ஸ்கி ஆராய்ந்து 1992இல் எழுதினார். பதவியுயர்வு தனித்திறமையைப் பொறுத்தே கிடைத்தது. ஆகவே தாம் அறிந்ததைப் பொதுவில் வைக்கப் பலர் விரும்பவில்லை. மென்பொருளைக் கற்கும் நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் அறவிடவும் முடியாதே! பத்திரிகைக் காரியாலயங்களில் பல்லாண்டு கழித்த எனக்கு இதில் வியப்பில்லை. தன் செய்திமூலத்தை அடுத்த மேசைக்காரருக்குச் சொல்லும் நிருபரை நான் கண்டதேயில்லை.

1995இல் ஐ.பீ.எம். ஏறத்தாழ 350 கோடி டொலருக்கு லோட்டஸை வாங்கியது. 2019இல் நோட்ஸ், தமிழரான சிவ நாடார் தொடங்கிய எச்.சி.எல். வசமாயிற்று.