அங்கியும் அதிகாரமும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே மேயர் பதவி தோன்றியது 1216ஆம் ஆண்டில். வணிகர் கொழித்த துறைமுகம் அது. பதினெட்டாம் நூற்றாண்டிலே அடிமை வாணிபத்தால் அந்நகரம் செழித்தது. ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றிக் காசாக்கிய கனவான்கள் நகரமன்றத்திலும் வீற்றிருந்தனர். மேயரின் மார்பிலே மின்னும் சங்கிலியை நாம் காண்கிறோம்; அடிமையின் காலிலே கிடந்த சங்கிலியை வரலாறு காட்டுகிறது!

1899இல் விக்டோரியா அரசி 'லார்டு மேயர்' எனும் பட்டத்தை ஈந்தார். பட்டம் பெரிது, பணியோ மன்றக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்பது, விருந்தினரை வரவேற்பது, விழாக்களிலே அங்கியணிந்து நிற்பது. ஆண்டுக்கொருவரை மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆளும் பொறுப்பு அவருக்கில்லை.

அங்கி ஒருபுறமிருக்க, ஆளும் மேயர் ஒருவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 2012இல் வந்தது. 2016இல் ஜமைக்கக் கறுப்பினத் தந்தையின் மைந்தர் மார்வின் ரீஸ் வென்றார். அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகத்திலே என்னே மாற்றம்! எந்த வேதமும் தந்ததன்று அது; வாக்குச்சீட்டு தந்தது.

2022இல் அதே மக்கள், குழுக்களே ஆளட்டும் எனத் தீர்ப்பளித்தனர். 2024இல் அப்பதவி மறைந்தது. லார்டு மேயரின் அங்கி மட்டும் நின்றது.

தோழர்களே! அரசி தந்தது பட்டம். மக்கள் தந்தது அதிகாரம். தந்ததைத் திரும்பப் பெறவும் மக்களால் முடிந்தது. அங்கியைக் கண்டு மயங்காது, அதிகாரம் எவரிடம் என்று கேட்போம். அந்தக் கேள்வியே பகுத்தறிவு!