23 பள்ளிகளுக்கு ஓர் ஆசிரியை

ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்க கட்டடமும் புத்தகமும் மட்டும் போதாது. ஊரைப் பள்ளியின் பக்கம் கொண்டுவர ஒருவர் வேண்டும். இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாழ்ந்த வர்ஜீனியா எஸ்டெல் ராண்டால்ஃப் என்ற கறுப்பின ஆசிரியை.

ராண்டால்ஃப், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1892-ல் ஹென்ரைக்கோ மாவட்டத்தில் மவுண்டன் ரோடு என்ற ஓரறைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஒரு பள்ளி என்று இருந்த காலம் அது. 1896-ல் உச்ச நீதிமன்றமும் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று அதற்குச் சம்மதம் கொடுத்தது. தனித்தனி என்பது நடந்தது. சமம் என்பது நடக்கவில்லை. வரிப்பணத்தில் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்கே போனது.

ராண்டால்ஃப் தன் கைப்பணத்தைப் போட்டுப் பள்ளிக்கு வெள்ளையடித்தார், பாதைக்குச் சரளைக்கல் கொட்டினார். பாடத்தோடு தையல், சமையல், தோட்டவேலை, கூடை முடைதல் ஆகியவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். பிள்ளைகளை அனுப்பியது புத்தகம் படிக்கத்தான், கைவேலைக்கு அல்ல என்றார்கள். அதில் நியாயமும் இருந்தது. அடிமைமுறை ஒழிந்து முப்பது வருடம்கூட ஆகவில்லை. மறுபடியும் கைவேலைதானா என்ற கசப்பு அவர்களுக்கு. ராண்டால்ஃப் அவர்களோடு சண்டை போடவில்லை. வீடு வீடாகப் போனார். தேவாலயத்தில் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் அவர் பக்கம் வந்தது.

1907-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அன்னா ஜீன்ஸ் என்ற செல்வந்தர், தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் கிராமப் பள்ளிகளுக்காக 10 லட்சம் டாலர் கொடுத்தார். ஹென்ரைக்கோவின் கல்வி அதிகாரி ஜாக்சன் டேவிஸ் அந்த நிதியிலிருந்து சம்பளம் பெற்று, 1908-ல் ராண்டால்ஃபை மாவட்டத்தின் கறுப்பினப் பள்ளிகளுக்கெல்லாம் மேற்பார்வையாளராக நியமித்தார். மாதச் சம்பளம் 40 டாலர். பார்க்க வேண்டிய பள்ளிகள் 23. ஒவ்வொரு ஊரிலும் பெற்றோரைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். அந்தச் சங்கங்களே பள்ளிக்குப் பணம் திரட்டின. இந்த வேலைமுறை 'ஹென்ரைக்கோ திட்டம்' என்ற பெயரில் மற்ற தெற்கு மாநிலங்களுக்கும் பரவியது. அவரைப் பின்பற்றி வந்தவர்கள் 'ஜீன்ஸ் ஆசிரியர்கள்' எனப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பதவியின் பெயர் ஆசிரியை, செய்ததோ ஒரு கல்வி அதிகாரியின் வேலை.

இங்கே பணக்கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகரின் உதவியுடன் 1932 வரை ஏறக்குறைய 5,000 கறுப்பினக் கிராமப் பள்ளிகள் கட்டப்பட்டன. ரோசன்வால்ட் நிதி கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். ஏழைக் கறுப்பின மக்கள் கொடுத்ததோ சுமார் 47 லட்சம் டாலர். பல ஊர்களில் அந்தப் பணத்தைத் திரட்டியவர்கள் ஜீன்ஸ் ஆசிரியர்கள்தான். வரியும் கட்டிவிட்டு, அந்த வரியில் கிடைக்க வேண்டிய பள்ளிக்கு மறுபடியும் பணம் கொடுத்தார்கள் அந்த மக்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுத்தது போல. இதைத் தியாகம் என்று புகழலாம். அரசு தன் கடமையைத் தட்டிக்கழித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராண்டால்ஃப் 1949-ல் ஓய்வு பெற்று 1958-ல் மறைந்தார். இடையே 1954-ல் தனித்தனிப் பள்ளிகள் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் பள்ளிகள் இணைந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். 1968-ல் ஜீன்ஸ் ஆசிரியர் திட்டமும் முடிந்தது.

பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளியின் கதவு திறந்தது. அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி ஊரையே பள்ளியோடு சேர்த்துவைத்தவர்களுக்கு அங்கே நாற்காலி போடவில்லை. பள்ளிகளை இணைப்பதும் மூடுவதும் எந்த நாட்டில் நடந்தாலும், இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.