முதல் செயற்கைக்கோள்கள் சொன்ன சேதிகள்

1957 அக்டோபர் 4 அன்று, மாஸ்கோ நேரப்படி இரவு 10.28 மணிக்கு, கசகஸ்தானின் வறண்ட சமவெளியிலிருந்த தியூரத்தாம் ஏவுதளத்திலிருந்து ஆர்-7 ராக்கெட் ஒன்று கிளம்பியது. ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுப் பின் அதன் முனையிலிருந்து பிரிந்த அலுமினிய உருண்டை பூமியைச் சுற்றத் தொடங்கியது. மனிதர் செய்து பூமியைச் சுற்றவிட்ட முதல் பொருளான ஸ்புட்னிக்-1 அதுதான்.

சுமந்து சென்ற ராக்கெட் விண்வெளிக்கென்று பிறந்ததல்ல. ஹைட்ரஜன் குண்டோடு கண்டம் விட்டுக் கண்டம் பாய வேண்டிய ஏவுகணை அது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் செர்கேய் கொரலேவ், 1938இல் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுக் கொலிமா உழைப்பு முகாமில் வதைபட்டு மீண்டவர். 1957 ஆகஸ்ட் 21 அன்று ஆர்-7 முதன்முறையாக முழுத் தொலைவும் பறந்தது. ஆனால் குண்டின் இடத்தில் வைத்திருந்த முனைப்பகுதி, காற்றுமண்டலத்துக்குள் திரும்ப நுழைகையில் சிதறிவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்க மாதக்கணக்கில் ஆகும். செயற்கைக்கோளுக்கோ பத்திரமாகத் திரும்பி வரவேண்டிய தேவையே இல்லை. அந்த இடைவெளி கொரலேவுக்கு வாய்ப்பாக அமைந்தது.

முதலில் திட்டமிட்டது, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பறக்கும் ஆய்வுக்கூடம். அதற்கான கருவிகள் குறித்த காலத்தில் வந்து சேரவில்லை. 1957 ஜூலையில் தொடங்கும் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் தான் ஒரு கோளை ஏவப்போவதாக அமெரிக்கா 1955லேயே அறிவித்திருந்தது. முந்திக்கொள்வார்களோ என்ற கவலையில், பொறியாளர் மிகாயில் திகன்ராவவின் யோசனைப்படி வானொலிக் கருவி மட்டும் கொண்ட எளிய கோளைச் செய்யும் முடிவுக்கு வந்தார்கள்.

அதன் எடை 83.6 கிலோ, விட்டம் 58 செ.மீ. இரண்டு அரைக்கோளங்களை 36 போல்ட்டுகளால் இறுக்கி, உள்ளே நைட்ரஜன் வாயுவை நிரப்பியிருந்தார்கள். சூட்டைப் பரப்ப ஒரு சிறு மின்விசிறியும் இருந்தது. மொத்த எடையில் 51 கிலோ பேட்டரிகளே. 1 வாட் திறன் கொண்ட டிரான்ஸ்மிட்டர் 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் மாறி மாறி ஒலித்தது. ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ 0.3 வினாடி. கோளுக்குள் வெப்பம் எல்லை மீறினாலோ வாயு கசிந்து அழுத்தம் குறைந்தாலோ துடிப்பின் நீளம் மாறும்படி அமைத்திருந்தார்கள். கேட்பவர் காதில் வெறும் 'பீப் பீப்' ஆக விழுந்த ஒலிக்குள் கோளின் உடல்நிலையும் அடங்கியிருந்தது.

அமெரிக்கர்கள் தங்கள் கோளுக்காக அமைத்துவந்த நிலையங்கள் 108 மெகாஹெர்ட்ஸுக்கானவை. அவற்றை அவசர அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டில் சிற்றலை ரேடியோ வைத்திருந்த ஆர்வலர்களுக்கோ அந்த ஒலி எளிதாகவே கிடைத்தது. வானத்தில் நகரும் புள்ளியாக மக்கள் வெறுங்கண்ணால் பார்த்தது பெரும்பாலும் கோளை அல்ல, அதே பாதையில் சுற்றிவந்த ராக்கெட்டின் மையப்பகுதியை.

அளவிடும் கருவி எதுவும் இல்லாத இந்தக் கோளிடமிருந்து அறிவியலுக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. அயனி மண்டலத்தைத் துளைத்து வந்த அலைகள் அந்த மண்டலத்தின் தன்மையைக் காட்டின. சுற்றுப்பாதை நாளுக்கு நாள் சுருங்கிய வேகம், மேலே காற்று எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிட உதவியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் செய்தது இவற்றிலும் பெரிது. கோள் நெருங்கும்போது கூடியும் விலகும்போது குறைந்தும் வந்த அலைவெண்ணைப் பதிவுசெய்து, அதிலிருந்தே கோளின் பாதையைக் கண்டுபிடித்தார்கள். கோளின் பாதை தெரிந்தால், கேட்பவர் நிற்கும் இடத்தை அறியலாமே என்று அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்லூர். டிரான்சிட் என்ற முதல் செயற்கைக்கோள் வழிகாட்டி முறை அதிலிருந்து பிறந்தது. இன்றைய ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி அது.

பேட்டரி 3 வாரங்களில் தீர்ந்தது. 1958 ஜனவரி 4 அன்று கோள் காற்றுமண்டலத்தில் எரிந்தது.

அதற்கு முன்பே, நவம்பர் 3 அன்று, 508 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக்-2 லைகா என்ற நாயுடன் போயிருந்தது. அக்டோபர் புரட்சியின் 40ஆம் ஆண்டு விழாவுக்குள் ஏவியாக வேண்டும் என்று ஒரு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் செய்த கோள் அது. நாயைத் திரும்பக் கொண்டுவர வழியே வைக்கவில்லை. பல நாள் உயிரோடிருந்ததாக அப்போது சொன்னார்கள். சில மணி நேரத்திலேயே சூட்டில் இறந்தது என்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது. அந்தப் பயணத்தில் கற்றது அந்த உயிருக்கு ஈடாகாது என்று, நாயைப் பயிற்றுவித்த ஓலெக் கசென்கோவே பிற்காலத்தில் வருந்தினார். அவர் வருந்தியது நியாயம்தான்.

அமெரிக்காவின் முதல் முயற்சி டிசம்பர் 6 அன்று கேப் கனாவரலில் நடந்தது. வான்கார்டு ராக்கெட் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே எழும்பி, அப்படியே சரிந்து வெடித்தது. தூக்கியெறியப்பட்ட சிறு கோள் தரையில் கிடந்தபடி சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. வெர்னர் ஃபான் பிரானின் ராணுவக் குழு 1956 செப்டம்பரிலேயே 1,000 கி.மீ.க்கு மேல் ராக்கெட்டை உயர்த்திக் காட்டியிருந்தும் அவர்களை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். இப்போது அவர்களிடமே பொறுப்பு வந்தது. 1958 ஜனவரி 31 இரவு எக்ஸ்புளோரர்-1 சுற்றுப்பாதையை அடைந்தது.

14 கிலோ எடைதான் என்றாலும் அதில் இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலனின், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவி இருந்தது. தாழ்வான உயரங்களில் எதிர்பார்த்தபடி எண்ணிய கருவி, மேலே போனதும் பூஜ்யம் காட்டியது. மார்ச் மாதம் ஏவிய எக்ஸ்புளோரர்-3இன் பதிவுகளும் சேர்ந்த பிறகு விளக்கம் கிடைத்தது. கதிர்வீச்சு இல்லாமல் அல்ல, எண்ணி மாளாத அளவு இருந்ததால்தான் கருவி திணறியது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களின் வளையம் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அதற்கு வான் ஆலனின் பெயர். ஸ்புட்னிக்-3 மே மாதம் ஏவப்பட்டபோது அதன் டேப் ரெக்கார்டர் பழுதானதால் அந்த வளையத்தை முழுமையாக அளக்கும் வாய்ப்பு சோவியத் விஞ்ஞானிகள் கைநழுவிப் போயிற்று.

மார்ச் 17 அன்று வெற்றிகண்ட வான்கார்டு-1 சூரிய மின்கலங்களைப் பயன்படுத்திய முதல் கோள். 1964 வரை சமிக்ஞை அனுப்பியது. அதன் பாதையில் தெரிந்த சிறு பிசகுகளிலிருந்து பூமி லேசான பேரிக்காய் வடிவம் கொண்டது என்று கணித்தார்கள். செயற்கைக்கோள்களைப் படம்பிடிக்க ஸ்மித்சோனியன் நிறுவனம் 12 இடங்களில் வைத்த பேக்கர்–நன் கேமராக்களில் ஒன்று நைனிடாலில் இருந்தது.

ஸ்புட்னிக்கின் விளைவுகள் அறிவியலோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் விண்வெளி நிறுவனமான நாசா 1958 அக்டோபர் 1 அன்று செயல்படத் தொடங்கியது. ஸ்புட்னிக் பல நாடுகளின் தலைக்கு மேலே அனுமதி கேட்காமல் பறந்திருந்தும் எந்த அரசும் அதை எல்லை மீறலாகக் கொள்ளவில்லை. வான்வெளிக்கு அப்பாலுள்ள விண்வெளி யாருக்கும் சொந்தமல்ல என்ற வழக்கம் அப்படி உருவாகி, 1967இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி ஒப்பந்தத்தில் சட்டமாக எழுதப்பட்டது.