கப்பல் துறைகளும் கைத்திறனும்

நாகமரைத் துறையில் பரிசலையே கண்டு பழகிய ஏரியூர்ப் பக்கத்தாருக்கு, ஒரு போர்க்கப்பலைச் செப்பனிட எத்தனை வகைக் கைத்திறன் வேண்டுமென்பது எளிதில் விளங்காது. உலையிலிருந்து செக்கச்சிவந்த ரிவிட்டை ஒருவன் இடுக்கியால் வீச, மற்றொருவன் அதைத் தகரக் குவளையில் ஏந்தித் துளையில் செருக, மறுபுறம் நிற்பவர் அது ஆறுமுன் அடித்துத் தலை மழுக்குவது பல வருஷ அப்பியாசத்தால் கைவருவதேயன்றி, எந்தச் சர்க்காரும் ஒரு மாதத்தில் கற்பித்துவிடக் கூடியதன்று.

ஆகையால், 1941 டிசம்பர் 25-ல் ஹாங்காங்கும் 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானபோது, பிரிட்டிஷ் கடற்படை இழந்தது துறைகளை மட்டுமல்ல, அவற்றில் உழைத்த சீனத் தொழிலாளரையுந்தான். இடத்தை மீட்க வருஷங்கள் ஆகும். ஆட்களையோ இரவோடிரவாக வரவழைக்கலாமே!

ஹாங்காங் சிறைமுகாமிலிருந்து தப்பிய உடலியல் பேராசிரியர் லின்ட்ஸே ரைட் 1942-ல் சீனாவில் நிறுவிய பிரிட்டிஷ் ராணுவ உதவிக் குழு, கைதிகளுக்கு உதவுதல், உளவறிதல் ஆகியவற்றோடு, துறைத் தொழிலாளரை நகரைவிட்டு வெளியேறத் தூண்டும் காரியத்தையும் மேற்கொண்டது. எதிரியின் பட்டறைகள் ஆளின்றித் தவிக்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். வெளியேறியவருள் சிலர் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டனர். சீனாவின் கான்டன் பகுதித் தச்சர்கள் கல்கத்தாவுக்குப் புதியவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவர்கள் அந்நகரில் குடியேறி, கப்பல் வேலையில் பெயர் பெற்றிருந்தனர்.

சிங்கப்பூர் போனபின் கப்பல் செப்பனிடும் பாரம் கொழும்பின்மீதும் திருகோணமலையின்மீதும் கூடியது. 1942 ஏப்ரல் 9-ல் குண்டுவீச்சுக்கு ஆளான திருகோணமலையில், 1944 ஆகஸ்ட் 8-ல் மிதக்கும் துறையொன்று, தான் தாங்கியிருந்த வேலியண்ட் என்னும் பெருங்கப்பலின் பாரம் பொறுக்காமல் உடைந்து அமிழ்ந்தது, கப்பலும் பெருஞ்சேதமுற்றது.