தேனீக் கூட்டத்தைக் கண்டால் செய்ய வேண்டியவை

மரக்கிளையிலோ வீட்டின் சன்னல் ஓரத்திலோ ஆயிரக்கணக்கான தேனீக்கள் திடீரெனக் கொத்தாகத் தொங்கினால், அது பெரும்பாலும் இடம்பெயரும் கூட்டமாகும். ராணித்தேனீ பணித்தேனீக்களில் ஒரு பகுதியுடன் பழைய கூட்டை விட்டு வெளியேறி, புதிய இருப்பிடம் கிடைக்கும்வரை அங்கே தங்குகிறது. காப்பதற்குப் புழுக்களோ தேனோ இல்லாததால், சீண்டாதவரை இவை கொட்டுவது அரிது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தாமாகவே பறந்துவிடும்.

தேனடையுடன் கூடிய மலைத்தேனீக் கூடு அவ்வாறன்று. கோலியனூர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் உயரமான மரங்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் போன்ற இடங்களில் இதனைக் கண்டால் மிகுந்த எச்சரிக்கை தேவை. கல்லெறிதல், புகை, அருகில் வெடிக்கும் பட்டாசு ஆகியவை கூட்டைக் கலைத்து, தேனீக்களைத் திரளாகத் தாக்கத் தூண்டும்.

கூட்டத்தைக் கண்டவுடன்

• குழந்தைகள், முதியோர், கால்நடைகளை அப்புறப்படுத்தவும். கதவு, சன்னல்களை மூடவும்.
• தீ வைத்தல், பூச்சிமருந்து தெளித்தல், தண்ணீர் பீய்ச்சுதல் கூடாது.
• பள்ளி, கோயில், குடியிருப்புக்கு அருகில் கூடு இருந்தால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு (101) தெரிவிக்கவும்.

தேனீக்கள் துரத்தினால்

கைகளை வீசாமல், துணியால் முகத்தை மூடிக்கொண்டு, மூடிய அறைக்கோ வாகனத்திற்கோ விரைந்து ஓடவும். கிணறு, குளத்தில் குதிக்க வேண்டாம். தலையை வெளியே எடுக்கும்போது மீண்டும் கொட்டும்.

முதலுதவி

கொடுக்கு உடலில் இருக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். எனவே பாதுகாப்பான இடத்தை அடைந்தவுடன் நகத்தால் சுரண்டியோ பிடுங்கியோ உடனே அகற்றவும். எந்த முறை என்பதைவிட விரைவே முக்கியம். மோதிரம், வளையல்களைக் கழற்றவும். சோப்பு நீரால் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கவும். சுண்ணாம்பு தடவ வேண்டாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• மூச்சுத்திணறல், குரல் மாற்றம், நாக்கு அல்லது தொண்டை வீக்கம்
• உடல் முழுவதும் தடிப்பு, தொடர் வாந்தி, மயக்கம்

இவை கடுமையான ஒவ்வாமையின் அடையாளங்கள். ஒரே கொட்டும் போதும். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. இதற்கு முதன்மை மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. மாத்திரை அதற்கு ஈடாகாது. மயங்கியவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தவும். மூச்சுத்திணறல் உள்ளவர் சாய்ந்து அமரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது.

பல கொட்டுகள் ஏற்பட்டிருந்தால்

வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். மிகுதியான நஞ்சு தசைகளையும் இரத்த அணுக்களையும் சிதைப்பதால், சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துச் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். சிறுநீர் குறைதல், கருஞ்சிவப்பு அல்லது காபி நிறத்தில் வெளியேறுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். தேனீ நஞ்சுக்கு மாற்றுமருந்து புழக்கத்தில் இல்லை. உரிய நேரத்தில் தொடங்கும் கண்காணிப்பும் சிகிச்சையுமே உயிர் காக்கும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், வாயிலோ கண்ணிலோ கொட்டப்பட்டோர் ஆகியோரைக் கொட்டுகளின் எண்ணிக்கை பாராது மருத்துவரிடம் காட்டவும்.

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். மேல்சிகிச்சை தேவைப்படுவோர் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கவும்.